4கே டிவி: கடைக்குப் போகும் முன் வீட்டில் அளக்க வேண்டியவை

ஆடித் தள்ளுபடியோ தீபாவளிச் சலுகையோ தொடங்கியதும், சேலத்தில் ஐந்து ரோடு சந்திப்பையும் ஓமலூர் மெயின் ரோட்டையும் ஒட்டிய கடைகளில் பெரிய திரை டிவிகள் முன்வரிசைக்கு வந்துவிடுகின்றன. ஏறக்குறைய எல்லா அட்டைப்பெட்டிகளிலும் 4கே என்று அச்சிட்டிருக்கிறது. 43 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள டிவிகளில் 4கே இன்று பொதுவான தகுதியாகிவிட்டதால், ஒரு டிவியை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்ட அந்தச் சொல் இனி உதவுவதில்லை. ஒரே அளவும் ஒரே 4கே முத்திரையும் கொண்ட இரண்டு டிவிகளில் ஒன்றன் விலை மற்றதைப்போல் இரு மடங்காக இருந்தால், அதற்கான காரணம் வேறு எங்கோ இருக்கிறது. அந்தக் கூடுதல் விலையில் எவ்வளவு உங்கள் வீட்டில் கண்ணுக்குத் தெரியும், எவ்வளவு தெரியாமலே போகும் என்பதைக் கடைக்காரரால் சொல்ல முடியாது. ஏனென்றால் நீங்கள் எவ்வளவு தள்ளி அமர்வீர்கள், அறையில் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது, டிவிக்குள் படம் எந்த வழியாக வருகிறது என்பவற்றை அவர் அறிய மாட்டார். இவற்றை நீங்களே பார்த்து வைத்துக்கொண்டு போவதுதான் நல்லது.

முதலில் 4கே என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். டிவித் திரையில் தெரியும் படம், பிக்சல் எனப்படும் மிகச் சிறிய படப்புள்ளிகளால் ஆனது. ஃபுல் எச்டி திரையில் கிடைமட்டமாக 1,920 புள்ளிகளும் செங்குத்தாக 1,080 புள்ளிகளும், அதாவது மொத்தம் 20 லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட புள்ளிகள் இருக்கும். 4கே திரையில் இரு பக்கமும் அதைப்போல் இரு மடங்கு, 3,840-க்கு 2,160 என, ஏறத்தாழ 83 லட்சம் புள்ளிகள் இருக்கும். 8கே இதையும் நான்கு மடங்காக்கி 3 கோடியே 31 லட்சத்துக்குக் கொண்டுபோகிறது. எச்டி ரெடி என்று விற்கப்படும் 32 அங்குல டிவிகள் பெரும்பாலும் 1,366-க்கு 768 புள்ளிகள் கொண்டவை. திரையின் அளவு மாறாமல் புள்ளிகள் கூடும்போது ஒவ்வொரு புள்ளியும் சிறிதாகிறது. எழுத்தின் ஓரம், தலைமுடி, புல்வெளி போன்றவை பிசிறின்றித் தெரிகின்றன.

ஆனால் அந்த நுணுக்கத்தைக் கண் பிடிக்கக்கூடிய தூரம் ஒன்று உண்டு. அம்மாப்பேட்டைத் தறியில் நெய்த பட்டு வேட்டியின் கரையைக் கையில் எடுத்துப் பார்த்தால் இழைகளை எண்ணலாம், தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால் கரை ஒரே நிறப் பட்டையாகத்தான் தெரியும். டிவித் திரைக்கும் இதே கணக்குதான். நல்ல பார்வையுள்ள கண், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு வரையுள்ள இடைவெளியைப் பிரித்தறியும் என்பது கண் மருத்துவத்தில் வழக்கமான அளவுகோல். அதிலிருந்து எளிய கணக்கு ஒன்றை வருவிக்கலாம். டிவியின் மூலைவிட்ட அளவை, அதாவது கடையில் சொல்லும் அங்குல எண்ணை, 4-ஆல் பெருக்குங்கள். கிடைக்கும் எண்ணைச் சென்டிமீட்டராக எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தூரத்துக்கு அப்பால் அமர்ந்தால், ஃபுல் எச்டி திரையின் புள்ளிகளே கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாமல் ஒன்றிவிடும். அதற்கு மேல் 4கே சேர்க்கும் புள்ளிகளால் தெளிவு கூடுவதாகத் தெரியாது. 43 அங்குல டிவிக்கு அந்த எல்லை 172 சென்டிமீட்டர், அதாவது ஐந்தரை அடிக்குச் சற்று மேல். 55 அங்குலத்துக்கு 220 சென்டிமீட்டர், ஏழு அடிக்குச் சற்று மேல். 65 அங்குலத்துக்கு 260 சென்டிமீட்டர், எட்டரை அடி.

ஆகவே டேப்பை எடுத்து, சுவரிலிருந்து அல்லாமல் டிவித் திரை இருக்கப்போகும் இடத்திலிருந்து, சோபாவில் அமர்ந்தவரின் கண் வரை அளந்து எழுதி வையுங்கள். பத்து அடி தள்ளி அமரும் கூடத்துக்கு 43 அங்குல 4கே டிவி வாங்கினால் அந்த 83 லட்சம் புள்ளிகள் அங்கே இருந்தும் பயன்படாது. அதே கூடத்தில் 65 அங்குலம் வைத்தால்கூட எல்லையைச் சற்றுத் தாண்டியே அமர்ந்திருப்பீர்கள். சேலத்தில் குகை, செவ்வாய்ப்பேட்டை போன்ற பழைய பகுதிகளில் உள்ள குறுகலான கூடங்களில் ஆறு அடிக்குள் அமர்ந்து பார்க்க நேர்ந்தால், அங்கேதான் 4கே தன் முழுப் பயனைக் காட்டும். இது பலரும் நினைப்பதற்கு நேர் எதிரானது. பெரிய கூடத்துக்குத்தான் கூடுதல் தெளிதிறன், அதாவது கூடுதல் புள்ளிகள், தேவை என்று எண்ணுகிறோம், ஆனால் பெரிய கூடத்துக்குத் தேவைப்படுவது பெரிய திரை. திரை நம் பார்வைப் பரப்பில் 30 பாகையாவது நிறைந்தால் படத்தில் ஒன்றிப் பார்க்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் வழிகாட்டல், அதைக் கணக்கிட்டாலும் ஏறக்குறைய இதே 4-ஆல் பெருக்கும் தூரம்தான் வருகிறது. எனவே இந்த ஒரே கணக்கு, உங்கள் கூடத்துக்கு ஏற்ற திரை எவ்வளவு பெரிது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. இதே காரணத்தால் 8கே-யை வீட்டுக்காகப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. 65 அங்குலத் திரையில் 4கே-க்கும் 8கே-க்கும் வேறுபாடு தெரிய வேண்டுமானால் நாலே கால் அடிக்குள் அமர வேண்டும்.

அடுத்தது, டிவிக்குள் வரும் படம். இதைப் பார்க்காமல் டிவியை மட்டும் மாற்றிய வீடுகளில்தான் ஏமாற்றம் அதிகம். அரசு கேபிளாக இருந்தாலும் டிடிஎச் ஆக இருந்தாலும் தமிழ்ச் சேனல்கள் சாதாரணத் தெளிவுள்ள எஸ்டி, கூடுதல் தெளிவுள்ள எச்டி என இரண்டு வகைகளில் கிடைக்கின்றன. எஸ்டி ஒளிபரப்பின் அதிகபட்சத் தெளிதிறன் 720-க்கு 576, அதாவது 4,14,720 புள்ளிகள். 4கே திரையின் புள்ளிகள் அதைப்போல் சரியாக இருபது மடங்கு. எஸ்டி செட்டாப் பாக்ஸை 4கே டிவியில் இணைத்தால், வரும் ஒவ்வொரு புள்ளிக்கும் மீதிப் பத்தொன்பது புள்ளிகளை டிவியே ஊகித்து நிரப்ப வேண்டியிருக்கிறது. இந்த வேலைக்கு அப்ஸ்கேலிங் என்று பெயர். நல்ல செயலி (பிராசசர்) உள்ள டிவி இதை ஓரளவு கண்ணியமாகச் செய்யும். மலிவான டிவி முகங்களை மெழுகியதுபோல் ஆக்கிவிடும். பழைய 32 அங்குலத் திரையில் சுமாராகத் தெரிந்த நெடுந்தொடர் புதிய 55 அங்குலத்தில் மோசமாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான். வீட்டில் பெரும்பாலும் சேனல்கள்தான் ஓடுகின்றன என்றால், டிவிக்கு முன்னால் எச்டி பாக்ஸுக்கு மாறுங்கள். அதைச் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் ஒயர்களில் இணைக்காமல் எச்டிஎம்ஐ ஒயரில் இணையுங்கள். சில நூறு ரூபாய்ச் செலவில் கிடைக்கும் இந்த மாற்றம், டிவிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பத்தாயிரத்தைவிட அதிகப் பயன் தரும்.

ஏற்காடு சாலையில் இருந்த மாடர்ன் தியேட்டர்ஸ் போன்ற படத் தயாரிப்பு நிறுவனங்களின் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களை விரும்பிப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அவை இன்றைய அகலத் திரைக்காக எடுக்கப்பட்டவை அல்ல. உயரத்தைவிட அகலம் மூன்றில் ஒரு பங்கு அளவே கூடுதலான பழைய சட்டத்தில் எடுக்கப்பட்டவை. திரையின் இரு பக்கமும் கறுப்புப் பட்டை வருவதே சரி. அதை நிரப்புவதற்காகப் படத்தை இழுத்து விரித்தால் எல்லா முகங்களும் அகன்றுவிடும். டிவியின் பட அளவு அமைப்பில் 4:3 என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

உண்மையான 4கே படம் வீட்டுக்குள் வருவது பெரும்பாலும் இணையம் வழியாகத்தான். நெட்ஃப்ளிக்ஸ் 4கே படத்துக்கு 15 எம்பிபிஎஸ் வேகம் வேண்டும் என்கிறது, ஒரு மணி நேரத்துக்கு 7 ஜிபி வரை டேட்டா செலவாகும். அதன் எல்லாத் திட்டங்களிலும் 4கே கிடைக்காது. உயர் திட்டத்தில் மட்டுமே கிடைக்கும். ஃபைபர் இணைப்புள்ள நகர வீட்டில் இது சிக்கலே இல்லை. சேர்வராயன் மலைமேல் காபித் தோட்டத்துக்கு நடுவில் உள்ள வீட்டில், கைபேசியின் ஹாட்ஸ்பாட்டை நம்பிப் பார்ப்பதாக இருந்தால், நாள் ஒன்றுக்கு 2 ஜிபி தரும் திட்டம் பதினேழு நிமிடங்களில் தீர்ந்துவிடும். அப்படிப்பட்ட வீட்டுக்கு நல்ல அப்ஸ்கேலிங் உள்ள டிவியும் எச்டி டிடிஎச் இணைப்பும் பொருத்தமானவை.

திரையின் தன்மைக்கு வருவோம். விலை வேறுபாட்டின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. எல்இடி டிவி என்று நாம் அழைப்பது உண்மையில் எல்சிடி திரை. பின்னாலிருந்து எல்இடி விளக்குகள் ஒளி தர, முன்னால் உள்ள திரவப் படிக அடுக்கு அந்த ஒளியைப் புள்ளி புள்ளியாக அனுமதிக்கிறது அல்லது தடுக்கிறது. முழுவதும் தடுக்க அதனால் முடியாது என்பதால், இருட்டுக் காட்சியில் கறுப்பு சாம்பல் நிறமாகத் தெரிகிறது. இந்தக் கசிவு ஐபிஎஸ் வகைத் திரையில் கூடுதல், விஏ வகைத் திரையில் குறைவு. ஐபிஎஸ் திரையில் வெண்மைக்கும் கருமைக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ ஆயிரத்துக்கு ஒன்று. விஏ திரையில் மூவாயிரத்துக்கு ஒன்றோ அதற்கு மேலோ இருக்கும். ஆனால் விஏ திரையைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நிறம் வெளிறிவிடும், ஐபிஎஸ் திரை அப்படி வெளிறுவதில்லை. கூடத்தில் எல்லோரும் திரைக்கு நேராக அமர்வார்கள் என்றால் விஏ நல்லது. சமையலறையிலிருந்தும் சாப்பாட்டு மேசையிலிருந்தும் சாய்வாகப் பார்ப்பவர்கள் இருந்தால் ஐபிஎஸ் நல்லது. அட்டைப்பெட்டியில் இதை எழுத மாட்டார்கள். கடையில் ஓடும் டிவியின் ஓரத்துக்கு நடந்து சென்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

பின்னொளி எப்படி அமைந்திருக்கிறது என்பதும் முக்கியம். விளக்குகள் ஓரத்தில் மட்டும் இருந்தால் டிவி மெலிதாகும், ஆனால் ஒளி சீராகப் பரவாது. திரையின் பின்புறம் முழுவதும் விளக்குகளைப் பரப்பி, அவற்றைப் பல பகுதிகளாகப் பிரித்து, படத்தில் இருட்டு உள்ள இடத்தில் மட்டும் விளக்கை மங்கச் செய்யும் முறைக்கு லோக்கல் டிம்மிங் என்று பெயர். மினி எல்இடி என்பது அதையே மிகச் சிறிய, மிகப் பல விளக்குகளைக் கொண்டு செய்வது. க்யூஎல்இடி என்ற சொல் மட்டும் இருந்தால் அது இவற்றில் எதையும் உறுதி செய்யாது. நிறங்களைத் தூய்மையாக்கும் குவாண்டம் டாட் படலம் ஒன்று உள்ளே இருக்கிறது என்பதே அதன் பொருள். நடுத்தர விலையில் கொஞ்சம் கூடுதலாகச் செலவிட முடியுமானால், அந்தப் பணத்தை லோக்கல் டிம்மிங்குக்குக் கொடுக்கவே நான் சொல்வேன்.

ஓஎல்இடி திரையில் பின்னொளியே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்ந்து தானே அணையும் என்பதால் கருமை முழுக் கருமையாக இருக்கும். இரவில் விளக்கை அணைத்துவிட்டுத் திரைப்படம் பார்ப்பவர்களுக்கு இதைவிடச் சிறந்த படம் வேறில்லை. ஆனால் அசையாத உருவம் நீண்ட காலம் ஒரே இடத்தில் ஒளிர்ந்துகொண்டிருந்தால், அந்தப் புள்ளிகள் மற்றவற்றைவிட விரைவாகத் தேய்ந்து, உருவம் நிழலாகப் பதிந்துவிட வாய்ப்புண்டு. காலை முதல் இரவு வரை செய்திச் சேனல் ஓடும் வீடுகள் நம்மிடம் நிறைய உண்டு. சேனலின் சின்னமும் அடியில் ஓடும் செய்திப் பட்டையும் எப்போதும் அதே இடத்தில்தான் இருக்கும். அந்த வீடுகளுக்கு ஓஎல்இடி வேண்டாம்.

சேலத்தின் வெளிச்சத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். கோடைப் பகலில் காற்றுக்காகக் கதவையும் சன்னலையும் திறந்து வைத்தால் கூடத்துக்குள் வெயிலின் பிரதிபலிப்பு நிறைய வரும். வெள்ளை டைல்ஸ் தரை அதை இன்னும் கூட்டும். திரையின் ஒளிர்வு நிட்ஸ் என்ற அலகில் அளக்கப்படுகிறது. மலிவான 4கே டிவிகள் 250 முதல் 300 நிட்ஸ் வரை தரும். அப்படிப்பட்ட டிவியைத் திறந்த சன்னலுக்கு எதிரே வைத்தால், இருட்டுக் காட்சியில் உங்கள் கூடத்தைத்தான் திரையில் பார்ப்பீர்கள். டிவியைச் சன்னலுக்குப் பக்கவாட்டுச் சுவருக்கு மாற்றுவது செலவில்லாத தீர்வு. அது முடியாவிட்டால் ஒளிர்வு கூடிய திரையைத் தேடுங்கள்.

எச்டிஆர் என்ற முத்திரையைப் புரிந்துகொள்ளவும் இந்த ஒளிர்வே அடிப்படை. பளிச்சிடும் சூரியனும் நிழலில் உள்ள முகமும் ஒரே சட்டத்தில் விவரம் கெடாமல் தெரிய வேண்டும் என்பதற்காக வந்த முறை அது. பழைய முறையில் ஒவ்வொரு அடிப்படை நிறத்துக்கும் 256 படிகள், மொத்தம் 1 கோடியே 67 லட்சம் நிறங்கள். எச்டிஆர் பயன்படுத்தும் 10 பிட் முறையில் 1,024 படிகள், மொத்தம் 107 கோடிக்கு மேற்பட்ட நிறங்கள். அந்திவானம் பட்டை பட்டையாகப் பிரியாமல் சீராக மாறித் தெரிவது இதனால்தான். எச்டிஆர்10 அடிப்படை வகை. டால்பி விஷனும் எச்டிஆர்10+ உம் காட்சிக்குக் காட்சி ஒளிர்வைச் சரிசெய்யும் தகவலையும் சேர்த்து அனுப்புகின்றன. சிக்கல் என்னவென்றால், 1,000 நிட்ஸ் அல்லது அதற்கும் மேற்பட்ட உச்ச ஒளிர்வை மனத்தில் வைத்து உருவாக்கப்படும் எச்டிஆர் படத்தை 300 நிட்ஸ் திரையும் வாங்கிக்கொள்ளும், அதனாலேயே முத்திரையும் ஒட்டிக்கொள்ளும். ஆனால் அந்தப் பளிச்சென்ற பகுதியைக் காட்டும் வலு அதற்கு இல்லை. சில டிவிகளில் எச்டிஆர் படம் சாதாரணப் படத்தைவிட மங்கலாகவே தெரியும். குறைந்தது 500, 600 நிட்ஸ் இல்லாத எல்இடி டிவியில் எச்டிஆர் என்பதற்காகத் தனியாகப் பணம் கொடுக்காதீர்கள்.

பெயர் தெரியாத நிறுவனங்களின் டிவிகளில் ‘4கே சப்போர்ட்’ என்று எழுதியிருப்பதைக் காணலாம். 4கே கோப்பை ஏற்று, தன் குறைந்த புள்ளிகளுக்குள் சுருக்கிக் காட்டும் என்பதே அதன் பொருளாக இருக்கக்கூடும். விவரத் தாளில் திரையின் தெளிதிறன் 3,840-க்கு 2,160 என்று எண்ணாகவே எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். டிவியின் பின்புறம் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும் ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அவை இல்லாத டிவி எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

கடையில் ஓடும் படத்தைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. அங்கே டிவிகள் கண்ணைப் பறிக்கும் விவிட் அமைப்பில், உற்பத்தியாளரே தந்த மிக உயர்தரக் காட்சிகளை ஓட்டிக்கொண்டிருக்கும். பூவும் கிளியும் எந்த டிவியிலும் அழகாகத்தான் தெரியும். பட அமைப்பைச் சினிமா அல்லது ஃபிலிம்மேக்கர் நிலைக்கு மாற்றச் சொல்லுங்கள். வீட்டில் பார்க்கும் கேபிள் சேனல் ஒன்றை ஓட்டச் சொல்லுங்கள். பென்டிரைவில் உங்களுக்கு நன்கு பழக்கமான திரைப்படத்தின் இரவுக் காட்சி ஒன்றைக் கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள். நம் தோல் நிறம் இயல்பாகத் தெரிகிறதா, கறுப்பு முடியில் இழைகள் தெரிகின்றனவா, கிரிக்கெட் பந்து ஓடும்போது பின்னால் இழுபட்ட தடம் தெரிகிறதா என்று பாருங்கள். வாங்க வருபவர் இப்படிக் கேட்பதில் தவறே இல்லை. நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். பெரும்பாலான 4கே டிவிகள் நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும், அதுவே குடும்பத்துக்குப் போதும். விளையாட்டுக் கன்சோல் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் 120 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 120 முறை) திரையும் எச்டிஎம்ஐ 2.1 இணைப்பும் தேவை. மெலிந்த டிவிகளில் ஒலிபெருக்கிக்கு இடம் இல்லாததால் வசனம் தெளிவாகக் கேட்காது. இஏஆர்சி அல்லது ஏஆர்சி என்று குறிக்கப்பட்ட எச்டிஎம்ஐ துளை இருந்தால் பின்னாளில் சவுண்ட்பார் இணைப்பது எளிது. 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளின் ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகிவிட்டதால், வரிக்காகச் சிறிய டிவியோடு நிறுத்திக்கொள்ள வேண்டிய காரணம் இப்போது இல்லை. 120 வாட் எடுக்கும் டிவி நாளுக்கு ஐந்து மணி நேரம் ஓடினால், இரண்டு மாத மின்கணக்கில் 36 யூனிட் சேரும்.

மலைமேல் உள்ளவர்களுக்குச் சில கூடுதல் கவனங்கள் உண்டு. கோடை மழைக்கால இடி மின்னல் மின்கம்பி வழியாக மட்டுமல்லாமல் டிஷ்ஷிலிருந்து வரும் கேபிள் வழியாகவும் டிவியைத் தாக்கும். ஆகவே சர்ஜ் புரொடெக்டர் போட்டிருந்தாலும், வானம் இருண்டால் பிளக்கோடு கேபிளையும் கழற்றிவிடுங்கள். கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டில் பனிமூட்ட மாதங்களில் சுவரே ஈரமாகிவிடும் என்பதால், டிவியைச் சுவரோடு ஒட்ட வைக்காமல் காற்றோட்டத்துக்கு இடைவெளி விடுங்கள். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போகும்போது பெட்டி நிமிர்ந்தே இருக்க வேண்டும். படுக்க வைத்தால் கண்ணாடித் திரை வளைந்து விரிசல் விடலாம். குளிர்ந்த மலையிலிருந்து டிவியைச் சேலத்துக்கு இறக்கினால், உள்ளே நீர் கோத்திருக்கக்கூடும் என்பதால், சில மணி நேரம் அறையில் வைத்த பிறகே மின் இணைப்பு கொடுங்கள். பழுதுபார்ப்பவர் மலைமேல் உங்கள் வீடு வரை வருவாரா என்பதைப் பணம் கட்டும் முன் சர்வீஸ் சென்டரிடமே கேட்டுவிடுங்கள்.

மாட்டுபவர் வரும்போது, திரையின் நடுப்பகுதி அமர்ந்திருப்பவரின் கண் மட்டத்துக்கு வரும்படி குறித்துக் கொடுங்கள்: சோபாவில் அமர்பவர்களுக்குத் தரையிலிருந்து ஏறத்தாழ மூன்றரை அடி, பாயில் அமர்ந்து பார்க்கும் வீட்டில் இரண்டரை அடி. மாட்டி முடித்ததும், அவர் கிளம்புவதற்கு முன்பே, முழு வெள்ளைப் படம் ஒன்றையும் முழுக் கறுப்புப் படம் ஒன்றையும் திரையில் போட்டு, எரியாத புள்ளியோ ஓரத்தில் ஒளிக் கசிவோ இருக்கிறதா என்று பார்த்து, பின்புறமுள்ள தொடர் எண் ரசீதில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்பதையும் சரிபார்த்து, அந்தப் பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.